ரோசன்வால்ட் பள்ளிகளைக் கட்டியது யார்?

முதலில் ஒரு கணக்கு. 1912-லிருந்து 1932 வரை அமெரிக்காவின் தென்மாநிலங்களில், கறுப்பினக் குழந்தைகளுக்காகக் கட்டப்பட்ட ‘ரோசன்வால்ட் பள்ளி’களுக்கு ஆன மொத்தச் செலவு சுமார் 2 கோடியே 84 லட்சம் டாலர். அதில் அரசு வரிப்பணம் 1 கோடியே 81 லட்சம். உள்ளூர் வெள்ளையர்கள் கொடுத்தது 12 லட்சம். ஜூலியஸ் ரோசன்வால்டும் அவர் நிறுவிய நிதியமும் கொடுத்தது 43 லட்சத்து 64 ஆயிரம். கறுப்பின மக்கள் தங்கள் கையிலிருந்து போட்டது 47 லட்சத்து 25 ஆயிரம்.

கடைசி இரண்டு எண்களையும் இன்னொரு தடவை பாருங்கள். அந்தக் காலத்து அமெரிக்காவின் பெரிய பணக்காரர்களில் ஒருவர் கொடுத்ததைவிட, பருத்திக் காட்டில் வாரத்துக்கு உழுதவர்களும் சலவைக்காரிகளும் சேர்ந்து கொடுத்தது அதிகம். ஆனா பள்ளிகளுக்குப் பெயர் என்னவோ ரோசன்வால்ட் பள்ளிகள்தான்.

இந்த எண்கள் ரகசியம் ஒன்றும் இல்லை. நிதியமே வெளியிட்ட கணக்கு. ஆனாலும் ரோசன்வால்டைப் பற்றி எழுதுபவர்களில் பாதிப் பேர் இதை ஒரு வரியில் தாண்டிப் போய்விடுகிறார்கள். ‘செல்வந்தர் ஒருவர் 5,000 பள்ளிகள் கட்டிக்கொடுத்தார்’ என்று கதை சொன்னால் கேட்க நன்றாக இருக்கிறது. அந்தக் கதையில் எவ்வளவு உண்மை, எங்கே ஓட்டை என்று பார்ப்பதுதான் இந்தக் குறிப்பின் வேலை. மனிதரைச் சிறுமைப்படுத்துவது என் நோக்கம் இல்லை. சொல்லப்போனால், சரியாகக் கணக்குப் பார்த்தால் அவர் மேல் மரியாதை கூடத்தான் செய்கிறது. அது நாம் வழக்கமாகத் தேடும் இடத்தில் இல்லை, அவ்வளவுதான்.

ஆளைப் பற்றிச் சுருக்கமாக. ஜூலியஸ் ரோசன்வால்ட் 1862-ல் இல்லினாய் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டில் பிறந்தார். ஆபிரகாம் லிங்கனின் வீட்டுக்குப் பக்கத்துத் தெரு. அப்பா சாமுவேல் ஜெர்மனியிலிருந்து வந்த யூதர். தலைச்சுமை வியாபாரியாகத் தொடங்கி, துணிக்கடை முதலாளி ஆனவர். மகன் பதினேழு வயதில் பள்ளிப் படிப்பை விட்டுவிட்டு நியூயார்க்கில் தாய்மாமன்களிடம் ஆயத்த ஆடைத் தொழில் கற்கப் போனார். பிறகு சிகாகோ வந்து ஆண்களுக்கான சூட்டுகள் தயாரித்தார். அவரிடம் சூட் வாங்கி விற்றவர்களில் ஒருவர் ரிச்சர்ட் சியர்ஸ். தபால் மூலம் கடிகாரம் விற்கத் தொடங்கி, எதையும் விற்கக்கூடிய வாய்ச்சாலகம் உள்ள மனிதர். 1895-ல் ரோசன்வால்டும் அவர் மைத்துனர் ஆரன் நஸ்பாமும் 75,000 டாலருக்கு சியர்ஸ் ரோபக் கம்பெனியில் பாதியை வாங்கினார்கள்.

சியர்ஸுக்கு விற்கத் தெரியும். விற்றதை ஒழுங்காகப் பெட்டி கட்டி, சொன்ன தேதிக்கு அனுப்பி, பிடிக்கலேன்னா பணத்தைத் திருப்பித் தரும் அமைப்பை உருவாக்கியது ரோசன்வால்ட். 1906-ல் கம்பெனிப் பங்குகள் சந்தைக்கு வந்தன. 1908-ல் சியர்ஸ் விலக, ரோசன்வால்ட் தலைவர் ஆனார். விளக்கு, கலப்பை, தையல் மெஷின் என்று எல்லாம் அச்சடித்த தடித்த விலைப்பட்டியல் அமெரிக்கக் கிராமங்களில் வீட்டுக்கு வீடு இருந்தது. பணம் கொட்டியது.

இங்கே ஒன்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். 1913-ல் இல்லினாய் செனட் குழு ஒன்று, பெண்களுக்குக் கொடுக்கப்படும் குறைந்த கூலிக்கும் அவர்கள் பாலியல் தொழிலுக்குத் தள்ளப்படுவதற்கும் தொடர்பு உண்டா என்று விசாரித்தது. பெரிய முதலாளிகளைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். ரோசன்வால்டும் போனார். அப்படித் தொடர்பு எதுவும் இல்லை என்று சாட்சி சொன்னார். கம்பெனி லட்சக்கணக்கில் லாபம் பார்த்துக்கொண்டிருந்த நேரம் அது. அவர் கொடையாளி என்று பெயர் எடுக்கத் தொடங்கியிருந்த நேரமும் கூட. இந்த இரண்டு ரோசன்வால்டையும் ஒரே ஆளாகத்தான் பார்க்க வேண்டும். மூன்று வருஷம் கழித்து ஊழியர்களுக்கு லாபத்தில் பங்கு கொடுக்கும் திட்டம் வந்தது உண்மை. 1921-ல் கம்பெனி மூழ்கப் பார்த்தபோது தன் சொந்தச் சொத்திலிருந்து சுமார் 2 கோடி டாலர் அளவுக்குப் பொறுப்பேற்றுத் தூக்கி நிறுத்தினார் என்பதும் உண்மை. ஆனா கொடுப்பது என்றால் அவர் மனசு வந்து கொடுத்தது. அவரிடம் உரிமையாகக் கேட்டபோது முதலாளி முதலாளியாகத்தான் பேசினார். பின்னால் வரப்போகும் சிக்கலின் விதை இதில் இருக்கிறது.

கொடைக்கு அவரைத் திருப்பியவர்களில் முக்கியமானவர் சிகாகோ சினாய் யூத ஆலயத்தின் ரப்பி எமில் ஹிர்ஷ். யூத மரபில் ‘ட்ஸெடாகா’ என்று ஒரு சொல் உண்டு. தர்மம், ஈகை என்று நாம் மொழிபெயர்த்துவிடுகிறோம். ஆனால் அதன் வேர்ச்சொல்லுக்குப் பொருள் நீதி. இல்லாதவனுக்குக் கொடுப்பது இருப்பவனின் பெருந்தன்மை அல்ல, கடமை என்ற கருத்து. பன்னிரண்டாம் நூற்றாண்டில் மைமோனிடீஸ் இதை எட்டுப் படிகளாக வகுத்தார். வேண்டாவெறுப்பாகக் கொடுப்பது கீழ்ப்படி. கொடுத்தவன் யார் என்று வாங்கியவனுக்கும், வாங்கியவன் யார் என்று கொடுத்தவனுக்கும் தெரியாமல் கொடுப்பது மேலிருந்து இரண்டாவது படி. ஒருவனைத் தன் காலில் நிற்க வைத்து, இனி அவன் யாரிடமும் கை நீட்டாதபடி செய்வது எல்லாவற்றுக்கும் மேல். ரோசன்வால்டை அளக்க வெளியிலிருந்து அளவுகோல் தேவையில்லை, இதுவே போதும் என்று நினைக்கிறேன்.

1910-ல் புக்கர் டி. வாஷிங்டனின் தன்வரலாற்றை அவர் படித்தார். அடிமையாகப் பிறந்து, அலபாமாவில் டஸ்கீகி கல்வி நிலையத்தை உருவாக்கியவர் வாஷிங்டன். அடுத்த வருஷம் இருவரும் சந்தித்தார்கள். 1912-ல் ரோசன்வால்ட் டஸ்கீகியின் அறங்காவலர் குழுவில் சேர்ந்தார். அதே வருஷம் தன் ஐம்பதாவது பிறந்தநாளுக்கு ஏழு லட்சம் டாலருக்குச் சற்றே குறைவான தொகையைப் பல இடங்களுக்குப் பிரித்துக் கொடுத்தார். டஸ்கீகிக்கு 25,000. அதில் செலவாகாமல் மிஞ்சிய 2,100 டாலரை வைத்து ஆறு சின்ன கிராமப் பள்ளிகள் கட்டலாமா என்று வாஷிங்டன் கேட்டார். சரி என்றார். அலபாமாவின் லோச்சபோகாவில் 1913-ல் முதல் பள்ளி எழுந்தது. இருபது வருஷத்தில் அது 15 மாநிலங்களில் 883 மாவட்டங்களுக்குப் பரவியது. பள்ளிகள் மட்டும் 4,977. ஆசிரியர் வீடுகள், தொழிற்கூடங்கள் எல்லாம் சேர்த்து 5,357 கட்டடங்கள்.

யோசனை டஸ்கீகியினுடையது என்பதைக் கவனியுங்கள். கிராமம் கிராமமாகப் போய் வேலையை நடத்தியவர் அங்கே இருந்த கிளிண்டன் கால்லோவே. தொடக்கக் காலக் கட்டட வரைபடங்கள் எம்.ஐ.டி.யில் படித்த கறுப்பினக் கட்டடக் கலைஞர் ராபர்ட் டெய்லரும் அவர் சகாக்களும் போட்டவை. மின்சாரம் இல்லாத கிராமங்கள் என்பதால், நாள் முழுக்கச் சூரிய வெளிச்சம் உள்ளே விழுகிற மாதிரி கிழக்கிலும் மேற்கிலும் பெரிய பெரிய ஜன்னல்கள். அதுவரை சர்ச்சிலோ பாழடைந்த குடிசையிலோ படித்த பிள்ளைகளுக்கு இது எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். வாஷிங்டன் 1915-ல் இறந்துபோனார். 1920-ல் பள்ளித் திட்ட அலுவலகம் டஸ்கீகியிலிருந்து நாஷ்வில்லுக்கு மாறியது. சாமுவேல் ஸ்மித் என்ற வெள்ளையர் பொறுப்புக்கு வந்தார். நிர்வாகம் சீரானது, கட்டடங்களின் தரம் உயர்ந்தது என்கிறார்கள். ஆனா கறுப்பர்கள் யோசித்து, கறுப்பர்கள் நடத்திய திட்டத்தின் கடிவாளம் அவர்கள் கையை விட்டுப் போனது. கொடை வரலாறுகளில் அடிக்கடி நடப்பது இது.

இப்போது ஆரம்பத்தில் சொன்ன கணக்குக்கு வருவோம். ரோசன்வால்டின் நிபந்தனை எளிமையானது: ‘நீங்க கொஞ்சம் போடுங்க, அரசாங்கம் கொஞ்சம் போடட்டும், மீதிக்கு நான் இருக்கேன்.’ கறுப்பின மக்கள் பணமாகவோ, நிலமாகவோ, மரமாகவோ, உடலுழைப்பாகவோ தங்கள் பங்கைத் தர வேண்டும். மாவட்டப் பள்ளி வாரியம் தன் பங்கைப் போட்டு, பள்ளியைத் தொடர்ந்து நடத்த ஒப்புக்கொள்ள வேண்டும். நிலமும் கட்டடமும் அரசின் பெயரில் எழுதித் தரப்பட வேண்டும்.

ஜனங்கள் எப்படிப் பணம் சேர்த்தார்கள் என்பதற்கு அந்தக் கால அறிக்கைகளில் நிறையச் சாட்சி இருக்கு. கோழி விற்றார்கள். சாப்பாடு சமைத்து விற்றார்கள். பள்ளிக்கென்று ஒரு துண்டு நிலம் ஒதுக்கிப் பருத்தி போட்டார்கள். அலபாமாவில் நடந்த ஒரு கூட்டத்தில், அடிமைக் காலத்தைப் பார்த்த கிழவர் ஒருவர் வாழ்நாள் முழுக்கச் சேர்த்த 38 டாலரை ஒரு பழைய பையிலிருந்து மேசையில் கொட்டிவிட்டுப் போனதைக் களப்பணியாளர் ஒருவர் பதிவு செய்திருக்கிறார். இதைப் படிக்கும்போது நமக்குத் தொண்டை அடைக்கிறது. தொண்டை அடைப்பது சரிதான். ஆனா அதோடு நின்றுவிட்டால் கேட்க வேண்டிய கேள்வியை விட்டுவிடுவோம். அந்தக் கிழவர் ஏன் கொடுக்க வேண்டியிருந்தது?

இந்தக் கேள்வியை அழுத்தமாக எழுப்பியவர் ஜேம்ஸ் டி. ஆண்டர்சன். தென்மாநிலங்களில் கறுப்பர்களின் கல்வி பற்றி 1988-ல் அவர் எழுதிய நூலில் இதை இரட்டை வரி என்றே சொல்கிறார். கறுப்பினக் குடும்பங்கள் ஏற்கெனவே வரி கட்டிக்கொண்டுதான் இருந்தன. அந்தப் பணத்தை எடுத்து மாவட்ட வாரியங்கள் வெள்ளைக்காரப் பிள்ளைகளின் பள்ளிகளுக்குச் செலவு செய்தன. தங்களுக்குச் சட்டப்படி வரவேண்டிய பள்ளிக்காக அதே குடும்பங்கள் இரண்டாவது தடவை பணம் கொடுத்தன. அப்படிக் கட்டிய கட்டடத்தையும் நிலத்தையும் தங்களை ஏமாற்றிய அதே வாரியத்தின் பெயருக்கு எழுதிக் கொடுத்தன. அப்படிப் பார்த்தால் மேலே சொன்ன 1 கோடியே 81 லட்சம் வரிப்பணத்திலும் அவர்கள் காசு இருக்கிறது. வெள்ளையர்கள் தனியாகக் கொடுத்த 12 லட்சம் மொத்தத்தில் 4 சதவீதம்தான்.

ஆண்டர்சன் சொல்வதை மறுக்க வழியே இல்லை என்று நினைக்கிறேன். அளவுகோலை அப்படியே வைத்துப் பார்த்தால், ட்ஸெடாகா என்பதன் நீதிப் பொருள் இந்த ஏற்பாட்டில் நிறைவேறவில்லை. நீதி என்றால் வரிப்பணம் வரிப்பணமாகவே திரும்பி வந்திருக்க வேண்டும். ரோசன்வால்ட் இனவொதுக்கலை எதிர்த்து வழக்குப் போடவில்லை. தனித்தனிப் பள்ளி என்ற ஏற்பாட்டை அப்படியே ஏற்று, அதற்குள் கறுப்பர்களின் பகுதியைச் செப்பனிட்டார். முதலாளியிடம் உரிமையாகக் கேட்டால் வராது, கொடையாகத்தான் வரும் என்று மேலே சொன்னேனே, அதே கதை.

சரி, அப்போ இவரை ஓரமாகத் தள்ளிவிடலாமா? இங்கேதான் நான் ஆண்டர்சனை விட்டு விலகுகிறேன். 1 கோடியே 81 லட்சத்தை வேறு பக்கத்திலிருந்தும் பார்க்க வேண்டும். பல மாவட்டங்களில் கறுப்பினப் பிள்ளைகளுக்கு அரசுச் செலவில் கட்டிய பள்ளிக்கூடம் என்று ஒன்று அதற்கு முன் கிடையாது. வடக்கிலிருந்து ஒருத்தர் காசோலையை நீட்டிக்கொண்டு, ‘நீ கையெழுத்துப் போட்டால்தான் இது’ என்று நின்றபோதுதான் வாரியங்கள் பெட்டியைத் திறந்தன. ஆறில் ஒரு பங்குகூட இல்லாத பணத்தை வைத்து அறுபத்து நாலு சதவீதத்தை அரசிடமிருந்து கறந்தது அந்தக் காசோலை. அவர் பள்ளி கட்டியவர் இல்லை. அரசைக் கட்ட வைத்தவர். அதோடு, கறுப்பினப் பிள்ளைகளைப் படிக்க வைப்பது மாவட்டத்தின் பொறுப்பு என்பதை எழுத்தில் ஒப்புக்கொள்ள வைத்தவர்.

பலன் சின்னது இல்லை. 1928 வாக்கில் தென்மாநிலக் கிராமங்களில் கறுப்பினப் பள்ளிகளில் ஐந்தில் ஒன்று ரோசன்வால்ட் பள்ளி. கிராமத்துக் கறுப்பினக் குழந்தைகளில் மூன்றில் ஒரு பங்கு அங்கே படித்தார்கள். டேனியல் ஆரன்சன், பாஷ்கர் மஜும்தர் என்ற இரு பொருளாதார ஆய்வாளர்கள் 2011-ல் வெளியிட்ட ஆய்வு, இந்தப் பள்ளிகள் இருந்த ஊர்களில் கறுப்பினப் பிள்ளைகளின் படிப்பு கணிசமாக உயர்ந்ததைக் காட்டியது. படித்தவர்கள் வடக்கே போய்ப் பிழைக்கும் வாய்ப்பும் கூடியது. மாயா ஏஞ்சலோவும் ஜான் லூயிஸும் இப்படிப்பட்ட பள்ளிகளில் படித்தவர்கள்தான். நீதி வரும் வரைக்கும் காத்திரு என்று ஒரு ஏழு வயசுப் பிள்ளையிடம் சொல்ல முடியாது. அடுத்த வருஷம் அதற்கு எட்டு வயசு ஆகிவிடும். இரட்டை வரி என்று தெரிந்தேதான் அந்த ஜனங்கள் கட்டினார்கள். அவர்கள் ஏமாந்துபோனவர்கள் என்று நினைப்பதுதான் பெரிய அவமரியாதை.

இந்த இரண்டு பக்கத்தையும் ஒரே மூச்சில் பார்த்தவர் டபிள்யூ.இ.பி. டு பாய்ஸ். வாஷிங்டனின் விட்டுக்கொடுக்கும் பாதையைக் கடுமையாக எதிர்த்தவர் அவர். 1932 ஜனவரியில் ரோசன்வால்ட் இறந்தபோது, தான் நடத்திய ‘கிரைசிஸ்’ இதழில் எழுதிய அஞ்சலியில், அவரை வெறும் கொடையாளியாகப் பார்க்கக் கூடாது, அமெரிக்க ஜனநாயகத்தின் மீதான ஒரு கூர்மையான விமர்சனமாகவே பார்க்க வேண்டும் என்ற பொருளில் சொன்னார். கறுப்புக் குழந்தைகளுக்காக ஒரு யூதர் வந்து நிற்க வேண்டியிருந்தது வெள்ளைக் கிறிஸ்தவ அமெரிக்காவுக்கு எவ்வளவு பெரிய வெட்கம் என்பது அவர் வாதம். அவர் கொடுத்த பணத்தைவிட, அவர் கொடுக்க நேர்ந்தது என்பதே பெரிய செய்தி என்று இதைப் படிக்கிறேன். நாம் இன்று எழுதும் ரோசன்வால்ட் புகழ்ச்சிகளில் காணாமல் போனது இந்த வெட்கம்தான்.

பலவீனம் எங்கே என்று கேட்டால், இரட்டை வரியோடு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நிதியத்தின் சொத்து முழுக்கச் சியர்ஸ் பங்குகளில் இருந்தது. 1929-ல் சந்தை சரிந்ததும் அதுவும் சரிந்தது. 1932-ல் பள்ளி கட்டுவது நின்றது. டஸ்கீகி இருக்கும் மேக்கன் மாவட்டத்தில் கறுப்பின மக்களுக்குச் சிஃபிலிஸ் நோய்க்கு மருத்துவம் பார்க்க நிதியம் பணம் கொடுத்துவந்தது, அதுவும் நின்றது. அதே 1932-ல் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை அதே மாவட்டத்தில், நோயாளிகளுக்கு மருத்துவம் தராமல் நோய் எப்படி முற்றுகிறது என்று வேடிக்கை பார்க்கும் கொடூர ஆய்வைத் தொடங்கியது. 1972 வரை நடந்தது அது. அது நிதியத்தின் திட்டம் இல்லை, பழியை அதன் தலையில் போட முடியாது. ஆனா சிகாகோவில் ஒரு பங்கின் விலை இறங்கினால் அலபாமாவில் ஒருவருக்கு ஊசி நின்றுபோகும் என்ற ஏற்பாடு எவ்வளவு நொய்மையானது! உரிமையாக இருந்திருந்தால் பங்குச்சந்தையோடு அது போயிருக்காது.

கடைசியாக, அவரை மற்ற கொடையாளிகளிடமிருந்து நிஜமாகவே பிரித்துக் காட்டும் விஷயம். 1929-ல் ‘அட்லாண்டிக் மன்த்லி’யில் எழுதிய கட்டுரையில், என்றென்றைக்கும் நிலைத்திருக்கும் அறக்கட்டளைகளை எதிர்த்தார். செத்தவன் கை உயிரோடு இருப்பவர்களின் தேவையைத் தீர்மானிக்கக் கூடாது. ஒவ்வொரு தலைமுறையின் சிக்கலுக்கும் அந்தத் தலைமுறையே கொடுக்கட்டும் என்பது அவர் நிலைப்பாடு. தன் இறப்புக்குப் பின் 25 வருஷத்துக்குள் அசலையும் வட்டியையும் செலவழித்து முடித்துவிட வேண்டும் என்று நிதியத்துக்கு விதி வைத்தார். 1948-லேயே கதவை மூடிவிட்டார்கள். அதற்குள் கல்வி உதவித்தொகை வாங்கியவர்களில் லாங்ஸ்டன் ஹியூஸ், ரால்ஃப் எல்லிசன், மரியன் ஆண்டர்சன், பின்னால் பள்ளி இனவொதுக்கலைத் தகர்த்த 1954-ஆம் வருஷத் தீர்ப்பில் மேற்கோள் காட்டப்பட்ட ஆய்வைச் செய்த கிளார்க் தம்பதியர், எதிர்முகாமில் இருந்த டு பாய்ஸ் என எல்லாரும் உண்டு. இனவொதுக்கலுக்குள் வேலை பார்த்த பணம் கடைசியில் இனவொதுக்கலை உடைக்கவும் பயன்பட்டது.

பெயர் விஷயத்திலும் அப்படியே. சிகாகோவில் அறிவியல் தொழில் அருங்காட்சியகம் உருவாக 1926-ல் 30 லட்சம் டாலர் தருவதாகச் சொன்னவர், அதற்குத் தன் பெயரை வைக்க மறுத்தார். கோயிலுக்கு டியூப்லைட் வாங்கிக் கொடுத்துவிட்டு வெளிச்சம் தெரியாத அளவுக்கு ‘உபயம்’ எழுதும் ஆட்களைப் பார்த்துப் பழகிய நமக்கு இது ஆச்சரியம்தான். 2019-ல் 12.5 கோடி டாலர் கொடுத்த கென்னத் கிரிஃபின் பெயர், 2024-ல் அந்த அருங்காட்சியகத்தின் பெயரோடு சேர்ந்துவிட்டது என்பது தனிக் கதை.

தன் பெயரை விரும்பாத மனிதரின் பெயரால் அந்தப் பள்ளிகளை நாம் அழைக்கிறோம். சுமார் 500 கட்டடங்கள்தான் இன்று மிச்சம். பலவற்றைக் காப்பாற்றி வைத்திருப்பவர்கள் அங்கே படித்தவர்களும் அவர்களின் பிள்ளைகளும். அதாவது மூன்றாவது தடவையும் அவர்களே செலவு செய்கிறார்கள். 2021 ஜனவரியில் ரோசன்வால்டின் பெயரில் ஒரு தேசியப் பூங்கா அமைப்பது பற்றி ஆராய அமெரிக்காவில் சட்டம் இயற்றப்பட்டது. அமைக்கட்டும், நல்லதுதான். ஆனா அங்கே ஒரு கல்வெட்டு வைப்பார்களென்றால் அதில் 43,64,869 என்ற எண்ணோடு 47,25,871 என்ற எண்ணையும் செதுக்க வேண்டும். அந்தக் கணக்கை மறைக்காமல் வெளியிட்ட நிதியத்துக்கு அதுதான் பொருத்தமான மரியாதை.